தோள் இறங்கினால் ஏரி

பிரேக் வாத்தியாரின் வலது காலுக்கு ஒரு பழக்கம் உண்டு. பயம் வந்தாலும் சரி, எரிச்சல் வந்தாலும் சரி, அது அவரைக் கேட்காமலே முன்னால் போய்த் தரையை ஓங்கி மிதிக்கும். டிரைவிங் ஸ்கூல் காரில் வருஷக்கணக்காகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் அவர். வண்டி கற்றுக்கொள்ள வந்தவர்கள் விளக்குக் கம்பத்தையும் குப்பை வண்டியையும் குறிவைத்துப் போகும்போதெல்லாம் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்து வந்த வினை அது. சினிமாவில் யாராவது வேகமாக ஓட்டினால்கூட முன்சீட்டுக்காரரின் முதுகில் உதை விழும். மாணவர்கள் வைத்த பெயர்தான் பிரேக் வாத்தியார். இப்போது வீட்டிலும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் எந்த லாரியும் எந்த மாணவனும் மிதிக்க வைக்காத அளவுக்கு அந்தக் காலை மிதிக்க வைத்தவர் ஒருவர் உண்டு. அவருடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர், காப்பீட்டுக் கம்பெனியில் அதிகாரி. சகலை புது சோபா வாங்கினார், கால் போனது. சகலைக்குப் பதவி உயர்வு வந்தது, கால் போனது. சகலைக்கு ரத்த அழுத்தம் இல்லை என்று டாக்டர் சொன்னபோதுகூட, மரியாதைக்காகச் சிரித்துக்கொண்டே வாத்தியார் மேஜைக்கு அடியில் ஓங்கி மிதித்தார்.

எல்லாவற்றுக்கும் சிகரம் வைத்தது அந்த ஏரி. ஊருக்கு வெளியே, தொலைவில், ஒரு ஏரியைப் பார்த்தபடி பெரிய ஹோட்டல் ஒன்று இருந்தது. சகலையும் மனைவியும் அங்கே போய்த் தங்கிவிட்டு வந்தார்கள். அன்றிலிருந்து மாமியார் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு என்றால் சாப்பாடு பாதி, ஏரி பாதி.

"காலைல கண்ணைத் தொறந்தா எதிர்ல ஏரி. அது நம்மகிட்ட எதுவும் கேக்காது, சகலை. நாமளும் அதுகிட்ட எதுவும் கேக்க மாட்டோம். அக்கரையில ஒரு மலை இருக்கு. குளிக்கப் பயப்படுற குழந்தை மாதிரி, ஒரு காலை மட்டும் தண்ணியில வச்சுக்கிட்டு நிக்கும்."

சொல்லிவிட்டு சகலை கண்ணை மூடிக்கொள்வார். மாமியார் கரண்டியைப் பிடித்த கையோடு அப்படியே நிற்பார்.

பாலிசி விவரத்தைத் தவிர வேறு எதையும் வர்ணித்தறியாத மனுஷன். கல்யாண ஆல்பத்தைக் காட்டி, "இதுதான் கல்யாணம், இது சாப்பாடு, இது கூட்டம்" என்று முடித்தவர். அந்த வாயிலிருந்து இப்படி வருகிறதென்றால், அந்த ஏரி எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்! ஏரியைப் பார்த்ததுகூடப் போகட்டும், பேசவும் கற்றுக்கொண்டு வந்துவிட்டாரே என்றுதான் வாத்தியாருக்கு வயிறு எரிந்தது.

"உனக்கு எப்படிம்மா இருந்துச்சு?" என்று மச்சினியிடம் ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்.

"ஏரிதானே அத்தான், நல்லா இருந்துச்சு. நல்லா தூங்கினேன்" என்றாள் அவள். ரசனை இல்லாத பெண் என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார்.

மூன்று வருஷம் பொறுத்தார். நாலாவது வருஷம், தன் டிரைவிங் ஸ்கூலுக்கு இன்னொரு கார் வாங்க எடுத்து வைத்திருந்த பணத்தைத் தூக்கி அந்த ஹோட்டலில் கட்டினார். அந்த ஏரியைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வந்து, அடுத்த ஞாயிறு சகலை வாயைத் திறப்பதற்கு முன்னால் தான் திறக்க வேண்டும். அதற்கு மேல் வாழ்க்கையில் அவருக்கு ஆசை எதுவும் பாக்கியில்லை.

"நாம ஏரிக்குப் போறோம்" என்றார் மனைவியிடம்.

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாதி வாழ்க்கை நைட் டூட்டியில் போனவள். "எங்க வேணா கூட்டிட்டுப் போங்க. படுக்க இடம் இருந்தாப் போதும்" என்றாள்.

*

ஹோட்டல் வாசலிலேயே ஒருவர் கையை உயர்த்திக் காரை நிறுத்தினார். பெயரைக் கேட்கவில்லை. "முதல்ல மூச்சு விடுங்க" என்றார். வாத்தியார் விட்டார். "இது மூச்சு இல்ல சார், அவசரம். இன்னொண்ணு" என்றார். மூன்றாவது மூச்சில்தான் கேட் திறந்தது. அதன் பிறகு காருக்கு முன்னால் ஒரு பணியாளர் நடந்தே போனார். அவரைத் தாண்டக் கூடாதாம். அவர் பூவைப் பார்க்க நின்றபோதெல்லாம் வாத்தியார் பிரேக்கை மிதித்தார். மரங்களுக்கு அந்தப் பக்கம் ஏதோ பளபளத்தது. எட்டிப் பார்ப்பதற்குள் ஓர் உயர்ந்த சுவர் வந்துவிட்டது.

போர்ட்டிகோவில் வெள்ளை உடையில் ஓர் அம்மாள் காத்திருந்தாள். ஓய்வு அதிகாரி என்று சொன்னார்கள். வாத்தியாரைப் பார்த்து வணக்கம் சொல்ல வாயெடுத்தவள், காருக்குள் எட்டிப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

முன்சீட்டில் வாத்தியாரின் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு கீழேயுமாக.

"யாரும் சத்தம் போடாதீங்க" என்றாள் அதிகாரி கிசுகிசுப்பாக. பணியாளர்கள் வந்து காரைச் சுற்றி நின்றார்கள். "தாடையைப் பாருங்க. கழுத்தைப் பாருங்க. இப்படி எல்லாத்தையும் விட்டுட்ட ஒரு ஆளை நான் இந்த சீசன்ல பாக்கல."

"அவ ராத்திரி டூட்டி பாத்துட்டு அப்படியே வண்டியில ஏறினா மேடம். அசதி..."

"உங்களுக்கு அப்படித் தெரியுது" என்று அவள் இரக்கத்தோடு சொன்னாள். சக்கரம் வைத்த சாய்வு நாற்காலி வந்தது. தூங்கியபடியே அவளை அதில் மாற்றி, குழந்தையைத் தொட்டிலில் கொண்டு போவதுபோல உருட்டிக்கொண்டு போனார்கள். "இவங்களுக்கு ஏரி" என்றாள் அதிகாரி.

வாத்தியார் பின்னாலேயே ஓடினார். ஓடியது தப்பு. அதிகாரி அவரை நிறுத்தி, அவருடைய காதுக்கும் தோளுக்கும் நடுவில் தன் விரல்களைச் செருகிப் பார்த்தாள்.

"ஒண்ணரை விரல்" என்றாள். பணியாளர்களில் ஒருவர் உச்சுக்கொட்டினார்.

அப்போதுதான் மேனேஜர் வந்தார். வெறுங்கால், கசங்கின சட்டை, கலைந்த தலை. இப்போதுதான் தூங்கி எழுந்தவர்போல இருந்தார். "வாங்க சார், வாங்க. இது ஹோட்டல்னு நினைக்காதீங்க, வீடு. இங்க ரிசப்ஷன் கிடையாது, ரூம் நம்பர் கிடையாது, கடிகாரம் கிடையாது. உங்க வாட்சையும் ஷூவையும் இவர்கிட்ட குடுத்துடுங்க. சட்டதிட்டம்ங்கிற பேச்சே இங்க கிடையாது. அதை மீறினவங்களை மட்டும் பின்கட்டுக்கு அனுப்பிடுவோம்."

"நானும் என் மனைவியும் ஒரே ரூம்ல..."

"புருஷன் பொண்டாட்டிங்கிறதுக்காக ரெண்டு பேரையும் ஒரே அமைதியில வைக்கிறது எங்க கொள்கை இல்ல சார். ஏரிக்கு எதிர்ல இருக்கிறது பத்து ரூம். தோள் நாலு விரல் இறங்கினவங்களுக்கு மட்டும். பதற்றமான ஒரு ஆள் நின்னு பாத்தாருன்னு வைங்க, பக்கத்து பால்கனிக்காரர் ஏரியைப் பாப்பாரா, உங்களைப் பாப்பாரா? அப்புறம் ஏரிக்கு என்ன மரியாதை? நீங்க மெதுவா இறக்குங்க. அவசரமே இல்ல. நாளை மறுநாள் காலைல கிளம்புறீங்க, அதுக்குள்ள இறக்கிட்டாப் போதும்."

வாத்தியாரின் வலது கால் போர்ட்டிகோத் தரையை மிதித்தது. அதிகாரி அதைக் கவனித்தாள்.

*

பின்கட்டு அறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மெத்தை இருந்தது, பழத்தட்டு இருந்தது, பெரிய ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே சலவைக்கூடம். வரிசை வரிசையாகக் கொடியில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள். ஏரி அதற்கும் அப்பால், கட்டிடத்துக்கும் அப்பால், எங்கேயோ இருந்தது.

வேறு பார்ப்பதற்கு இல்லாததால் வாத்தியார் சலவைக்கூடத்தைப் பார்த்தார். இரண்டு பேர் மேனேஜரின் சட்டைகளை இஸ்திரி போட்டார்கள். மடிப்புக் கலையாமல் போட்டு முடித்ததும், ஒருவர் ஒவ்வொரு சட்டையாக எடுத்துக் கைக்குள் சுருட்டிப் பிழிந்து கசக்கினார். மற்றவர் அதை விரித்துப் பார்த்து, "இடது பக்கம் பத்தலை" என்று திருப்பிக் கொடுத்தார். அந்தப் பக்கம் தோட்டக்காரர் ஒருவர் புல்தரையைச் சுத்தமாகக் கூட்டிவிட்டு, கூடையிலிருந்து காய்ந்த இலைகளை எடுத்து ஒவ்வொன்றாக அலட்சியமாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஓர் இலை சரியாக விழவில்லை போல; குனிந்து எடுத்து மறுபடியும் அலட்சியமாகப் போட்டார்.

பக்கத்து அறையில் ஒரு பல் டாக்டர் இருந்தார். வருஷா வருஷம் வருபவர், இன்னும் ஏரியைப் பார்த்ததில்லை. "போன தடவை மூணே முக்கால் விரல் சார்!" என்று கண் கலங்கச் சொன்னார். "கடைசி நேரத்துல ஒரு தும்மல். தோள் ஏறிடுச்சு."

அவர் ஒரு யுக்தி வைத்திருந்தார். இரண்டு கையிலும் தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தால் தோள் தானாக இறங்குமாம். வாத்தியாரும் இரண்டு வாளி வாங்கிக்கொண்டார். இருவரும் எதிரும் புதிருமாக நடந்தார்கள். டாக்டருடைய தோள் தன் தோளைவிடத் தாழ்ந்திருக்கிறதோ என்று வாத்தியார் ஓரக்கண்ணால் பார்த்தார். டாக்டரும் அதையே செய்தார். இரண்டு பேரும் வாளியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள்.

தாழ்வாரத்தின் கோடியில் ஏரிப் பக்கம் போகும் கதவு இருந்தது. அதன் முன்னால் ஒரு காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஹோட்டல் பூனை ஒன்று சோம்பல் முறித்துக்கொண்டு வந்தது. காவலாளி எழுந்து, மரியாதையாகக் கதவைத் திறந்து விட்டார். பூனை திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏரிக்குப் போயிற்று. வாத்தியாரின் கால் ஓங்கி மிதித்ததில் வாளித் தண்ணீர் பாதி கொட்டிவிட்டது. ஒரு பூனைமேல் இத்தனை பொறாமை வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

மாலையானதும் ஒரு மணி அடித்தது. "ஏரி வாசிப்புக்கு வாங்க" என்று டாக்டர் கூப்பிட்டார். ஏரியைப் பார்க்க முடியாத பின்கட்டு விருந்தாளிகளுக்காக, ஹோட்டலே ஆள் வைத்து ஏரியை வர்ணித்துச் சொல்கிற ஏற்பாடாம். கட்டணம் இல்லையாம்.

"சகலை கண்ணால பாத்ததை நான் காதால கேக்கறதா?" என்றார் வாத்தியார். கதவைச் சாத்திக்கொண்டு, மறுநாள் காலை அதிகாரி தோளை அளக்கும் பரீட்சைக்காக, அதை இறக்கப் பாடுபட்டார்.

*

பரீட்சை காலையில் நடந்தது. வாத்தியாரை மரத்தில் கட்டிய ஒரு தூளியில் படுக்க வைத்தார்கள். ஓய்வு அதிகாரி காதோரம் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு பணியாளர் பின்னால் வந்து தட்டைக் கீழே போட்டார், வாத்தியார் அசையவில்லை. இன்னொருவர் ஓடி வந்து, "சார், உங்க காரை யாரோ கீறிட்டாங்க" என்றார். பல்லைக் கடிக்காமலே பொறுத்தார் வாத்தியார். வாளி தூக்கின கை வீண் போகவில்லை.

"மூணரை" என்றாள் அதிகாரி. அவள் குரலில் முதல் தடவையாக மரியாதை தெரிந்தது. "இன்னும் அரை விரல்தான். கண்ணை மூடுங்க. உங்க சொந்தக்காரர் ஒருத்தர், ரொம்ப நெருங்கினவர், உங்களைவிட சந்தோஷமா இருக்கிறதா நினைச்சுக்கோங்க."

வாத்தியார் எவ்வளவோ முயன்றார். ஒன்றுவிட்ட சித்தப்பாவை நினைத்தார். பள்ளிக்கூடத்துச் சிநேகிதனை நினைத்தார். எல்லோரையும் தள்ளிக்கொண்டு சகலைதான் வந்தார். கையில் காபியோடு, பால்கனியில், கண்ணை மூடிக்கொண்டு. வாத்தியாரின் கால் போன வேகத்தில் தூளி ஒரு முழு சுற்றுச் சுற்றி அவரைப் புல்லில் கவிழ்த்தது. தோட்டக்காரர் ஓடி வந்து, கலைந்த இலைகளைச் சரி செய்தார்.

"ஒரு விரல்" என்றாள் அதிகாரி. "வந்தப்ப இருந்ததைவிடக் குறைஞ்சிருக்கு."

மத்தியானம் மனைவியைப் பார்க்க அனுமதி கிடைத்தது. இரண்டு கட்டுக்கும் நடுவில் இருந்த கூடத்துக்கு அவளை அழைத்து வந்தார்கள். ஒரு சுற்று பெருத்திருந்தாள்போல் இருந்தது. முகத்தில் ஒரு பளபளப்பு. தன்னுடைய சொந்த மனைவியைப் பார்த்து வயிறெரிய வேண்டி வந்ததே என்று வாத்தியாருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் எரிந்தது.

"ஏரி எப்படி இருக்கு?" என்றார், வேறெதையும் கேட்காமல்.

"தண்ணிதான்" என்றாள் அவள். "நிறைய இருக்கு."

"தண்ணிதானா? அவ்வளவுதானா? மலை?"

"இருக்கும்போல. நான் தூங்கிட்டேங்க. என்னமோ நான் தூங்கறதை ரெண்டு பேர் வந்து பாத்துட்டுப் போறாங்க, கை வேற எடுத்துக் கும்பிடறாங்க. சாப்பிட்டீங்களா நீங்க? ஏன் கையெல்லாம் செவந்திருக்கு?"

"அதை விடு. காபி குடிச்சியே, ஏரியைப் பாத்துக்கிட்டுத்தானே குடிச்சே?"

"காபியைப் பாத்துக்கிட்டுக் குடிச்சேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏங்க, உங்களுக்கு அவ்வளவு ஆசையா இருந்தா நீங்க என் ரூமுக்குப் போங்க. சாவி தரேன். நான் உங்க ரூம்ல படுத்துக்கறேன். எனக்கு எங்கேன்னாலும் தூக்கம் வரும்" என்றாள்.

எவ்வளவு சுலபமான வழி. சாவியை வாங்கினால் முடிந்தது. வாத்தியாரின் கைகூடப் பாதி தூரம் போயிற்று. பிறகுதான் அந்த நினைப்பு வந்து குறுக்கே விழுந்தது: சகலை தன் சொந்தத் தோளை இறக்கிப் பார்த்த ஏரியை, இவர் பெண்டாட்டி தயவில் பார்ப்பதா? நாளைக்கு அது வெளியே தெரிந்தால்?

"வேண்டாம். பாத்தா என் யோக்கியதையில பாப்பேன். இல்லேன்னா பாக்கவே வேண்டாம்" என்றார்.

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். நோயாளிகளைப் பார்க்கிற பார்வை அது. "சரி, வேளைக்குச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு ஏரிக்குப் போனாள்.

*

அன்று மாலை மணி அடித்தபோது வாத்தியாருக்கு எதிர்ப்பதற்குத் தெம்பு இல்லை. டாக்டரோடு போய்ப் பின்கட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். தோள் இறங்காத ஜனங்கள் நாற்காலிகளில் நிறைந்திருந்தார்கள். கனத்த குரல் கொண்ட ஒருவர் வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார். "பின்கட்டு விருந்தாளிகளுக்கு, இன்றைய ஏரி" என்று ஆரம்பித்தார்.

"காலையில் கண் திறந்தால் எதிரில் ஏரி. அது நம்மிடம் எதையும் கேட்பதில்லை. நாமும் அதனிடம் எதையும் கேட்பதில்லை..."

வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அக்கரையில் ஒரு மலை. குளிக்கப் பயப்படும் குழந்தையைப் போல, ஒரு காலை மட்டும் தண்ணீரில் வைத்துக்கொண்டு நிற்கிறது."

கூடத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள், சகலை மூடுவதுபோலவே. வாத்தியார் மட்டும் திறந்த கண்ணை மூடவில்லை. எழுந்து நின்றார்.

"இது... இதை எப்ப எழுதினீங்க?"

"நான் எழுதலை சார். முன்னால இருந்த மேனேஜர் எழுதினது. தினமும் இதேதான், மாத்தறதில்ல."

"ஏரியைப் பாத்திருக்கீங்களா நீங்க?"

"நான் பின்கட்டு ஸ்டாஃப் சார்" என்றார் அவர், கொஞ்சம் புண்பட்டவராக.

டாக்டர் வாத்தியாரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்க சார். இதுக்கே இப்படி அசந்துட்டா எப்படி? மூணு வருஷத்துக்கு முன்னால நீங்க இருக்கிற அதே ரூம்ல ஒரு இன்சூரன்ஸ்காரர் இருந்தாரு. இதை அப்படியே மனப்பாடம் பண்ணுவாரு. காலைல பாத்ரூம்லேருந்து எனக்குக் கேக்கும். அவர் சம்சாரம் ஏரிப் பக்கம். என் தலையில ஒரு பாலிசியும் கட்டிட்டுத்தான் போனாரு."

முதலில் வாத்தியாரின் வயிறு குலுங்கியது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு அவர் சிரித்த சிரிப்பு கூடத்தைத் தாண்டி, தாழ்வாரத்தைத் தாண்டி, காவலாளி காத்த கதவையும் தாண்டி ஏரிப் பக்கம் போயிற்று. மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை புதிதாகச் சிரித்தார். கண்ணில் நீர் வழிந்தது. யாராவது அப்போது விரலை வைத்துப் பார்த்திருந்தால் அவர் தோள் ஐந்து விரல் இறங்கியிருக்கும். யாரும் பார்க்கவில்லை. மேனேஜர்தான் ஓடி வந்தார், கசங்கின சட்டை இன்னும் கசங்க.

"என்ன சார் இது! பத்து பால்கனியிலேருந்தும் புகார்!"

"சந்தோஷமா இருக்கேன் சார்! வந்ததிலேருந்து இப்பதான் சந்தோஷமா இருக்கேன்!"

"சந்தோஷமும் ஒரு பதற்றம்தான் சார். அடக்கி வச்சாத்தான் அமைதி. நீங்க காலைல முதல் வேலையா கிளம்பிடுங்க. பின்கேட் வழியா."

வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று கேட்டார். "ஏன் சார், எல்லா ரூமையும் ஏரியைப் பாத்தே கட்டியிருக்கலாமே? இடம்தான் அவ்வளவு இருக்கே."

மேனேஜர் முதல் தடவையாக உண்மையிலேயே தளர்ந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்களுக்கு விளம்பரமே கிடையாது, தெரியுமா உங்களுக்கு? ஏரியைப் பாத்தவங்க ஊருக்குப் போய் எங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. கேட்டா, 'நல்லா தூங்கினேன்'ம்பாங்க. பின்கட்டுல இருந்தவங்கதான் சார் ஊர் ஊரா ஆள் பிடிச்சு அனுப்புறாங்க. எல்லாரையும் ஏரிப் பக்கம் உக்கார வச்சுட்டா அப்புறம் யார் சார் எங்களைப் பத்திப் பேசுவா? நாங்க எப்படிப் பிழைக்கிறது?"

*

பின்கேட் வழியாகப் போகிற சாலை, ஒரு வளைவு திரும்பியதும், நேராக ஏரிக்கரைக்குப் போய்விட்டது. சுவரும் இல்லை, கதவும் இல்லை. ஒரு லாரி டிரைவர் தண்ணீரில் முழங்கால்வரை இறங்கி நின்று வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தோ பாருங்க" என்றாள் மனைவி கொட்டாவியோடு. "இதான்."

வாத்தியார் காரை ஓரம் கட்டினார். இறங்கிப் போய்க் கரையில் நின்றார். ஏரி இருந்தது. தண்ணீர்தான், நிறைய இருந்தது. அக்கரையில் ஒரு மலையும் இருந்தது. மலை மாதிரியே நின்றது. எந்தக் காலையும் எதிலும் வைக்கவில்லை.

"பாக்கறதுக்கு என்ன சார் இருக்கு அங்க?" என்றார் லாரி டிரைவர்.

அவர் கேட்டது நியாயம்தான். யாரும் தடுக்காத ஏரியில் பார்க்க என்ன இருக்கிறது? வாத்தியார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து வண்டியைக் கிளப்பினார். மனைவி அதற்குள் தூங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமியார் வீட்டு மேஜையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். சகலை வழக்கமான நாற்காலியில் இருந்தார், ஆனால் வழக்கத்தைவிட வேகமாகச் சாப்பிட்டார். புதிதாக வியாபாரம் தொடங்கிக் கையில் நாலு காசு பார்த்திருந்த சின்ன மச்சினனும் மனைவியோடு வந்திருந்தான்.

"அத்தான், ஏரி எப்படி இருந்துச்சு?" என்று அவன்தான் ஆரம்பித்தான்.

சகலை தட்டைப் பார்த்துக்கொண்டார். காது மடல் சிவந்திருந்தது. வாத்தியார் நிதானமாகத் தண்ணீர் குடித்தார். இந்த நிமிஷத்துக்காகத்தான் ஒரு காரையே இழந்திருந்தார். வாயில் இருந்தது ஒரே ஒரு வாக்கியம்: 'சலவைக்கூடம் நல்லா இருந்துச்சா சகலை?' அதைச் சொன்னால் சகலை இந்த மேஜையில் இனி தலை நிமிர முடியாது. சொன்னால், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மாமியார் கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் இவரும் நிமிர முடியாது.

வாத்தியார் டம்ளரை வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"காலைல கண்ணைத் தொறந்தா எதிர்ல ஏரி" என்றார். "அது நம்மகிட்ட எதுவும் கேக்காது. நாமளும் அதுகிட்ட எதுவும் கேக்க மாட்டோம்."

சகலையின் கை தட்டிலேயே நின்றது. மெல்லத் தலையைத் தூக்கினார். வாத்தியார் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். இரண்டு சகலைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருவர் மனசை ஒருவர் முழுதாகப் புரிந்துகொண்டது அப்போதுதான்.

"அக்கரையில ஒரு மலை" என்றார் சகலை.

"ஒரு காலை மட்டும் தண்ணியில வச்சுக்கிட்டு" என்றார் வாத்தியார்.

அக்காவும் தங்கையும் ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். "அங்க தலகாணி நல்லா இருந்துச்சு இல்ல?" என்றாள் அக்கா. "ஆமாக்கா, மெத்துனு" என்றாள் தங்கை. அதை யாரும் காதில் வாங்கவில்லை.

சின்ன மச்சினன் சாப்பாட்டை மறந்து இரண்டு அத்தான்களையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் தாடை இறுகியது, தோள் காதுவரை ஏறியது. அந்தத் தோளை வாத்தியாருக்கு நன்றாகத் தெரியும்.

"நாங்களும் போறோம்" என்றான் அவன், மனைவி பக்கம் திரும்பி. "அடுத்த மாசமே. எவ்வளவு ஆனாலும் சரி."

எதிரில் கம்பம் தெரிந்தும் வேகமாக வருகிற வண்டி அது. வாழ்நாள் பூராவும் அப்படிப்பட்ட வண்டிகளை நிறுத்துவதே வாத்தியாருக்குத் தொழில். மேஜைக்கு அடியில் அவருடைய வலது கால் சுகமாக நீட்டிக்கொண்டு கிடந்தது. அது அசையவே இல்லை.

"கண்டிப்பா போயிட்டு வா" என்றார்.